பெல்பாட்டம் முதல் கலர் முடி வரை: வடசென்னைப் பெரியவர்கள் ஏன் கோபப்படுகிறார்கள்?

கொடுங்கையூரில் வசிக்கும் 23 வயதுத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: “முடிக்குச் செம்பட்டை நிறம் ஏற்றிக் காதில் கடுக்கன் போட்ட நாளிலிருந்து, இரண்டு மாதமாக அப்பா என்னோடு பேசவில்லை. நாங்கள் எதை உடுத்தினாலும், எதைச் செய்தாலும் பெரியவர்களுக்கு ஏன் பிடிப்பதில்லை? வடசென்னையில் மட்டும் இந்தக் கண்டிப்பு ஏன் இவ்வளவு அதிகம்?”

தம்பி, நான் பழைய வண்ணாரப்பேட்டையில் தையல்கடை வைத்திருப்பவன். 1977-இல் தொழிலுக்கு வந்தேன், இன்றும் அதே தொழில்தான். ஆண்களின் பேண்ட், சட்டை என் வேலை. பெண்களின் ஜாக்கெட், சுடிதார் என் மனைவியின் வேலை. எங்கள் தெருவில் மூன்று தலைமுறைகளை இஞ்ச் டேப்பால் அளந்தவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை. அப்பா பெரம்பூர் பின்னி மில்லில் தறி ஓட்டினார். பக்கிங்காம் மில் 1876-இலும் கர்னாடிக் மில் 1881-இலும் தொடங்கியவை. இரண்டையும் சேர்த்து ஊரார் பின்னி மில் என்றே சொல்வார்கள். அங்கே நெய்த காக்கித் துணி ராணுவத்துக்குப் போனது. நான் தொழில் கற்றுக்கொண்ட வருடம், எனக்காக நானே ஒரு பெல்பாட்டம் தைத்துக்கொண்டேன். அடிச்சுற்றளவு 28 அங்குலம். காதை மூடும்படி முடி வளர்த்திருந்தேன். அதை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது அப்பா திட்டவில்லை. குனிந்து, பேண்டின் அடியை விரல்களால் பிடித்துப் பார்த்தார். “இந்த ஒரு காலில் இருக்கும் துணியில் ஒரு பையனுக்கு டிராயர் தைக்கலாமே” என்றார். பிறகு ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதுகூட அம்மா வழியாகத்தான்.

அவருக்குப் பிடிக்காதது என்ன என்று அன்று எனக்கு விளங்கவில்லை. ஒழுக்கம், பண்பாடு என்றெல்லாம் அவர் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு மீட்டரையும் தன் கையால் நெய்தவர் அவர். துணி தரையைக் கூட்டிக்கொண்டு போவதை அவரால் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான்.

அந்த அப்பாவும் ஒரு காலத்தில் குற்றவாளியாக நின்றவர். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து மில்லில் சேர்ந்ததும் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டார். ஊருக்குப் போனபோது தாத்தா முகம் கொடுக்கவில்லை. “யார் செத்தார்கள் என்று தலையைக் கொடுத்துவிட்டு வந்தாய்?” என்று கேட்டாராம். அந்தத் தாத்தாவின் காதில் கடுக்கன் இருந்தது, தலையில் குடுமி இருந்தது. உங்கள் தோற்றத்தைப் பார்த்தால் அவருக்கு முடியின் நிறம் மட்டும்தான் புதிதாக இருந்திருக்கும்.

முடியின் நிறத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவின் மௌனத்தில் பாதி அதற்குள்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். செம்பட்டை என்ற சொல் எங்கள் பகுதியில் அழகைக் குறித்த சொல்லே அல்ல. எண்ணெய் காணாத தலை என்று பொருள். தாய் கவனிக்காத பிள்ளை, வெயிலில் விட்ட பிள்ளை, சோற்றுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளை என்று பொருள். என் ஆயா, கையில் இருக்கும் கடைசி எண்ணெயையும் எங்கள் தலையில் தேய்த்து, வழித்து வாரிவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார். குழம்புக்கு எண்ணெய் இல்லாத நாளிலும் அது நடக்கும். யாரும் எங்களைப் பார்த்துச் செம்பட்டைத் தலை என்று சொல்லிவிடக்கூடாது என்பதுதான் அவருடைய வைராக்கியம். அப்படி வளர்ந்தவர்களின் பிள்ளை, காசு கொடுத்து அதே நிறத்தை வாங்கி வருகிறான். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சில் எங்கோ தைக்கத்தான் செய்யும்.

கிழிந்த ஜீன்ஸும் அப்படித்தான். நான் தொழில் தொடங்கிய காலத்தில் கிழிசலுக்கு ஒட்டுப் போட வருகிறவர்கள் இருட்டிய பிறகு வருவார்கள். பேண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வருவார்கள். கடையில் வேறு யாராவது இருந்தால் பேசாமல் திரும்பிப் போய்விடுவார்கள். ஒட்டு வெளியே தெரியாமல், உள்பக்கமாகத் துணி வைத்து, நூலின் நிறம் பொருந்த ஓட்டித்தர வேண்டும். அந்த வேலையை நன்றாகச் செய்கிறவன் என்று எனக்குப் பெயர் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் நல்ல ஜீன்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து முட்டியில் அழகாகக் கிழித்துத்தரக் கேட்டான். கத்தரியைக் கையில் எடுத்தேன். என்னால் முடியவில்லை. அடுத்த கடையில் செய்துகொள்ளச் சொல்லி அனுப்பினேன். அவன் செய்தது தவறே இல்லை. என் கை மறுத்தது, அவ்வளவே.

வடசென்னையின் பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு உடை ஒரு கவசமாக இருந்தது. மில்லிலிருந்து பஞ்சு ஒட்டிய உடம்போடு வருகிறவர் குளித்து, பவுடர் பூசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை அணிந்துகொண்டுதான் தெருவுக்கு வருவார். 1918-இல் இந்த மில்களைச் சுற்றித்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் தொழிலாளர்களிடையே பேசிய காலம் அது. எங்களையும் மனிதர்களாக மதியுங்கள் என்று கேட்டவர்களின் வாரிசுகள் நாங்கள். வெளுத்த சட்டையும் படிய வாரிய தலையும் அந்தக் கோரிக்கையின் ஒரு பகுதி. இதைப் புரிந்துகொள்ளாமல் பெரியவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கினால் பாதி உண்மை கைநழுவிவிடும்.

மற்றபடி, புதிய நாகரிகத்துக்கு வடசென்னை என்றைக்குமே கதவடைத்த இடம் இல்லை. துறைமுகம் இருக்கும் ஊரில் அது நடக்கவும் நடக்காது. வண்ணாரப்பேட்டையின் பெயரே, கம்பெனிக் காலத்தில் இங்கே ஏற்றுமதித் துணிகளை வெளுத்தவர்களால் வந்தது. திருவொற்றியூர்ப் பக்கத்தில் இருக்கும் காலடிப்பேட்டை, காலெட் என்ற ஆங்கிலேய கவர்னர் நெசவாளர்களுக்காக அமைத்த பேட்டை. சென்னையிலிருந்து போன கட்டம் போட்ட கைத்தறித் துணிகளை மேற்கு ஆப்பிரிக்கர்கள் திருவிழா உடையாகக் கட்டினார்கள். 1950களின் இறுதியில் இதே வகைத் துணி அமெரிக்காவுக்குப் போனபோது, துவைத்தால் சாயம் கலங்குகிறது என்று முதலில் புகார் எழுந்தது. பிறகு அந்தக் கலங்கலையே சிறப்பு என்று சொல்லி விற்றார்கள், வாங்கவும் செய்தார்கள். எது பழுது, எது நாகரிகம் என்பதை அணிகிறவரின் செல்வாக்கு தீர்மானிக்கிறது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வியாசர்பாடிப் பக்கம் குடியேறியபோது, அவர்களுடைய பழக்கங்களையும் எங்கள் பெரியவர்கள் விசித்திரமாகத்தான் பார்த்தார்கள். சேமியாவைப் போன்ற நூடுல்ஸில் முட்டைக்கோசும் புளித்தண்ணீரும் வறுத்த வெங்காயமும் போட்டுக் கையால் பிசைந்து தரும் அத்தோவை என் அம்மா கடைசி வரை தொடவில்லை. இன்று பீச் ஸ்டேஷன் எதிரில் அதைத் தின்ன நகரத்தின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறார்கள். 1969-இல் பர்மா பஜார் வந்த பிறகு நைலான் சட்டையும் கூலிங் கிளாஸும் எங்கள் தெருக்களுக்கு வந்துசேர்ந்தன.

பெண்கள் விஷயத்தில் கண்டிப்பு இருமடங்கு, அதை மறைக்க மாட்டேன். தாவணியிலிருந்து சுடிதாருக்கு மாறிய பெண்கள் கேட்ட பேச்சை என் மனைவி கடையில் உட்கார்ந்தபடி கேட்டிருக்கிறார். அளவு கொடுக்க வந்த பெண்ணோடு கூடவே ஒரு அத்தையோ பெரியம்மாவோ வந்து, “கையை நீளமாக வை, கழுத்தை ஏற்றி வை” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பத்துப் பதினைந்து வருடம் போனது. அதே அத்தைகள் நைட்டி போட்டு, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றார்கள். புடவையைவிட வசதி என்றார்கள். வசதிதான். அந்த வசதியைத்தான் அந்தப் பெண்ணும் கேட்டாள்.

“பொழுது சாய்ந்தால் பெண் வீட்டில் இருக்க வேண்டும்” என்ற பேச்சும் எங்கள் பகுதிக்கு ஒட்டாத பேச்சு. காசிமேட்டில் மீன் ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும். கூடையைத் தூக்கிக்கொண்டு பாதி இரவில் கிளம்பிப் போன பெண்கள்தான் பல குடும்பங்களைக் கரைசேர்த்தார்கள். அவர்களிடம் யாரும் நேரம் கேட்கவில்லை, ஏனென்றால் அவர்கள் கொண்டுவந்த காசில்தான் அடுப்பு எரிந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, வேலை முடித்து இரவு பத்து மணிக்குப் படியேறி வரும் பெண்களைக் கடையிலிருந்து பார்க்கிறேன். காசிமேட்டு ஆயாக்களின் பேத்திகள் அவர்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது, கால்களில் ஜீன்ஸ். நேரம் கேட்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பழைய கணக்கை ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும்.

பச்சை குத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் ஆயாவின் முன்கை முழுவதும் பச்சைதான்: புள்ளி வைத்த கோலம், ஒரு தேள், தாய்மாமன் பெயர். என் அண்ணன் மகன் கழுத்தில் இறகு குத்திக்கொண்டு வந்தபோது தெருவில் அதிகம் சினந்தவர், அதே போலக் கை நிறையப் பச்சையோடு இருக்கும் எதிர்வீட்டு ஆயா. ஏன் என்று கேட்டேன். “நாங்கள் எல்லோரும் குத்திக்கொண்டோம், இவன் ஒருவன் குத்திக்கொண்டிருக்கிறான்” என்றார். எனக்கு இது பெரிய விளக்கமாகப் பட்டது. பழைய பச்சை, இவள் இந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்று சொன்னது. புதியது, நான் வேறு என்று சொல்கிறது. கூட்டமாக இருந்துதான் பிழைக்க முடியும் என்று கற்ற தலைமுறைக்கு, தனியாகத் தெரிவது என்றாலே ஆபத்து.

அந்த ஆபத்து கற்பனையும் அல்ல. இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: வடசென்னையில் மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

நான் பெல்பாட்டம் போட்ட காலத்தில் என்னைப் போல முடி வளர்த்த பையன்கள் தெருவுக்கு இருபது பேர் இருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேலை காத்திருந்தது. பெரம்பூரில் பின்னி மில், ரயில் பெட்டித் தொழிற்சாலை. எண்ணூரில் அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ தீப்பெட்டி. அப்பாவின் இடத்தில் மகன் சேரும் வாரிசு வேலை பல ஆலைகளில் வழக்கமாக இருந்தது. சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும், தறி ஓட வேண்டும். தலைமுடி எவ்வளவு நீளம் என்று ஃபோர்மேனுக்குக் கவலை இல்லை. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் பையனின் எதிர்காலத்தை நினைத்துப் பயப்படவில்லை.

1996-இல் பின்னி மில் மூடப்பட்டது. என் அண்ணன் அங்கே கடைசி வரை இருந்தவர். நாற்பது வயதைத் தாண்டி, மாதச் சம்பளம் நின்று, தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதப் போனார். அப்போதிருந்து எங்கள் பையன்களுக்கு வேலை என்றால் வெளியே போய், அறிமுகமில்லாத ஒருவர் எதிரில் உட்கார்ந்து, தோற்றத்தாலும் பேச்சாலும் தேற வேண்டிய வேலை. அங்கேதான் முடி பிரச்சினையானது. என் அண்ணன் மகன் ஒரு நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போனான். சான்றிதழைப் புரட்டிய அதிகாரி முகவரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து, அவன் தலையை ஒரு முறை பார்த்தாராம். “அங்கேயா இருக்கிறாய்?” என்ற ஒரு கேள்வியோடு நேர்காணல் முடிந்தது. வேறொரு இரவில், நண்பன் வீட்டிலிருந்து திரும்பியவனை ரோந்துக் காவலர்கள் நிறுத்தி, பைக்கின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, இந்த முடியோடு எங்கே திருடப் போகிறாய் என்று கேட்டார்கள். விடியும் வரை உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள். காலையில் அவனை அழைத்துவரப் போனது நான்தான். வழியெல்லாம் அவனைத் திட்டினேன். அவன் ஒரு தவறும் செய்யவில்லை என்று தெரிந்தே திட்டினேன். அவனைத் திட்டத்தான் எனக்கு உரிமை இருந்தது. நிறுத்தியவர்களைத் திட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. அந்தக் காக்கித் துணியை எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை நெய்தது என்ற நினைப்பு அன்று என்னை மிகவும் வாட்டியது.

உங்கள் அப்பாவின் கோபத்தில் இது இருக்கிறது, தம்பி. அடையாறில் ஒரு மாணவர் இதே நிறத்தை முடிக்கு ஏற்றினால் அவர் கலைஞராகத் தெரிவார். அதையே நீங்கள் ஏற்றினால் “புள்ளிங்கோ” என்று ஒரு பெயரைச் சூட்டி, அந்தப் பெயருக்குள் திருடன், ரவுடி எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள். சாயம் கலங்கும் துணியைப் பற்றிச் சொன்னேனே, அதே கதை. உடைக்காக வாசலில் நிறுத்தப்படுவது எளியவர்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2014-இல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அந்த வருடமே தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து, வேட்டிக்காகத் தடுத்தால் ஒரு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று வைத்தது. வேட்டிக்குச் சட்டம் கிடைத்தது. எங்கள் பையன்களின் முடிக்குப் பரிந்து பேச யாரும் வரவில்லை. அதனால் பெற்றவர்கள் வீட்டு வாசலிலேயே தடுக்கப் பார்க்கிறார்கள், வெளியே நிற்பவன் தடுப்பதற்கு முன்னால்.

இதில் பெரியவர்கள் செய்யும் தவறும் உண்டு. பயத்தைப் பயம் என்று சொல்லாமல் ஒழுக்கம் என்று பெயர் மாற்றிச் சொல்கிறோம். பையன் கெட்டுவிட்டான் என்கிறோம். அவனை நிறுத்திக் கேட்பவனின் பார்வையையே நாமும் இரவல் வாங்கி, நம் பிள்ளையைப் பார்க்கிறோம். இது அநியாயம். நான் செய்திருக்கிறேன், வருந்துகிறேன்.

வெளியுலகம் பாராட்டியதும் பெரியவர்களின் கண் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதற்குக் கேரம் சாட்சி. தெருமுனையில் பலகையைச் சுற்றி நிற்கும் பையன்களை வெட்டிப் பயல்கள் என்று திட்டாத வீடு எங்கள் பகுதியில் இல்லை. பெண் பிள்ளை அங்கே போய் நின்றால் கேட்கவே வேண்டாம். 1996-இல் சென்னையின் மரிய இருதயம் கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கினார். 2008-இல் வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனார். 2024-இல் புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த, ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்று திரும்பினார். இப்போது தாத்தாக்களே பேத்திகளின் கையைப் பிடித்துக் கேரம் மன்றத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

பெரியவர்கள் சொல்வதில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியவையும் இருக்கின்றன. முதலில் பைக். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் எண்ணூர், மணலி சாலைகளில் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டிக் காட்டுவதை எந்தத் தலைமுறையும் ஏற்காது. எங்கள் தெருவிலேயே ஒரு புகைப்படத்துக்கு மாலை தொங்குகிறது. அடுத்தது, வலி மாத்திரைகளைப் போதைக்காக எடுத்துக்கொள்ளும் பழக்கம். இதில் அவர்கள் எவ்வளவு கத்தினாலும் தகும். தினமும் மதுக்கடையில் நிற்கும் அப்பா இதைச் சொன்னால் மகன் காதில் ஏறாது என்பதும் உண்மைதான். ஆனாலும் சொல்லப்படும் விஷயம் பொய்யாகிவிடாது. முடியையும் மாத்திரையையும் ஒரே குரலில் திட்டுவதுதான் பெரியவர்கள் செய்யும் பெரிய பிழை. எதற்கு உண்மையில் பயப்பட வேண்டும் என்று பையனுக்குத் தெரியாமல் போகிறது.

உங்கள் அப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் 1990ஐ ஒட்டி அவர் பேகி பேண்ட் போட்டவராக இருப்பார். இடுப்பில் மடிப்பு மடிப்பாக வைத்து, தொடையில் தொளதொளவென்று, கணுக்காலில் இறுக்கிப் பிடிக்கும். அந்தக் காலத்தில் வாரத்துக்கு முப்பது தைத்திருக்கிறேன். அவருடைய அப்பா அதைப் பார்த்து என்ன சொன்னார் என்று ஒரு நாள் கேளுங்கள். உங்கள் பாட்டி இருந்தால் அவரிடம் கேட்பது இன்னும் நல்லது. அப்பா இல்லாத நேரத்தில் கேட்டால் எல்லாம் வெளியே வரும். முடியைக் கறுப்பாக்கச் சொல்லி நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் பத்து மணிக்கு மேல் தாமதமானால் போன் செய்து, எங்கே இருக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் படுக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார், நிச்சயமாக.

போன மாதம் கடைக்கு ஒரு கல்லூரிப் பையன் வந்தான், கூடவே அவன் தாத்தா. ரெடிமேட் பேண்ட் எதுவும் பிடிக்கவில்லை, அடியில் 26 அங்குலம் வைத்து அகலமாகத் தைத்துத்தர வேண்டும் என்றான். தாத்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அளவெடுத்து, நோட்டில் எழுதி, துணியில் சாக்கட்டியால் கோடு போட்ட பிறகு எழுந்து வந்தார். கோட்டின் மேல் விரலை வைத்து, “இவ்வளவு அகலம் வைத்தால் அடி தரையில் தேய்ந்து நூல் பிரிந்துவிடும், உள்பக்கம் சுற்றிலும் ஜிப்பை வைத்துத் தைத்துவிடுங்கள்” என்றார். அது எங்கள் காலத்து வேலை. பித்தளைப் பல் வைத்த ஜிப், பாதியாகப் பிரித்தது. பையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஜிப் எவ்வளவு நீளம் வேண்டும் என்று தாத்தாவும் நானும் கணக்குப் போட ஆரம்பித்திருந்தோம்.